பானையடிச் சோறும் பருத்த உடலும்

எங்கள் ஒழுங்கையில் நான்கு வீடுகள் தள்ளி ஓர் அம்மையார் குடியிருக்கிறார். வயது 46. கணவர் பட்டினத்துக் கடையொன்றிலே கணக்கெழுதுகிறார். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் மூவர். வயது முதிர்ந்த மாமியார் ஒருவர். ஆக, அறுவருக்கு அடுப்பும் ஒன்று, வருவாயும் ஒன்று. சென்ற ஆண்டில் ஒரு நாள் அவர் வைத்தியசாலைக்குச் சென்று இரத்தம் பரிசோதித்துக்கொண்டு திரும்பும் வழியில், எம் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்து திண்ணையில் அமர்ந்தார். இரத்தத்திலே சீனி எல்லையைத் தொட்டு நிற்கிறது. உடல் நிறை உயரத்துக்கு ஏற்ற அளவை மிஞ்சிவிட்டது. அதே வேளையில் இரத்தச்சோகையும் இருக்கிறது. எடையைக் குறைக்க வேண்டும், சத்தான உணவும் உண்ண வேண்டும் என்பது வைத்தியர் கூறிய புத்திமதி.

"நான் என்னத்தைப் பிள்ளை குறைக்கிறது? நான் ஒண்டும் பெரிசாய்ச் சாப்பிடுறேல்லை. பச்சைத்தண்ணி குடிச்சாலும் உடம்பு வைக்குது" என்று சொல்லி அவர் பெருமூச்சு விட்டார்.

வைத்தியர் கொடுத்த துண்டின் பின்புறத்தில் வேறொரு பட்டியலும் இருந்தது. அஃது அவருடைய தங்கை கடல்கடந்த ஊரிலிருந்து தொலைபேசியிற் கூறிய பட்டியல்: ஓட்ஸ், ஒலிவ் எண்ணெய், பச்சைத் தேயிலை, அப்பிள், பாதாம்பருப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே கடையில் விசாரித்த விலையையும் அம்மையார் எழுதி, அடியிலே கூட்டியும் வைத்திருந்தார். அத்தொகையைக் கண்டு இருவருமே சிரித்துவிட்டோம். பின்னர் அவர் கூறியது எனக்குச் சிரிப்பை வரவழைக்கவில்லை. "பணக்காரருக்குத்தான் மெலியலாம் போல கிடக்கு" என்றார் அவர்.

இவ்வார்த்தை பல நாட்களாக என் மனத்தை உறுத்தியது. மெலிவதற்குப் பணம் வேண்டுமா? குறைவாக உண்பவர் குறைவாகத்தானே செலவிட வேண்டும்? இதனை ஆராய்ந்து பார்க்க வேண்டுமென்று தோன்றவே, ஒரு வாரம் அவர் தமது வாயிற் படும் ஒவ்வொன்றையும் பழைய கொப்பி ஒன்றிலே குறித்து வைப்பதென்று இருவரும் பேசிக்கொண்டோம். சோறு என்று மாத்திரம் எழுதினால் போதாது. எப்போது, எவ்வளவு, யாருக்குப் பின் என்பதையும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அந்தக் கடைசிக் குறிப்புத்தான் முழு இரகசியத்தையும் வெளிப்படுத்திற்று.

காலையில் எல்லோரையும் அனுப்பிவிட்டு, மீந்த பாணின் இரு ஓரத்துண்டுகள், வழித்தெடுத்த சம்பல், சீனி இரண்டு கரண்டி இட்ட பால்தேநீர். பத்து மணிக்கு இன்னொரு தேநீர். மத்தியானம் யாவரும் உண்டபின்பு பானையின் அடியிற் கிடக்கும் சோறு முழுவதும். அதனைக் கொட்ட மனம் வருமா? மீன்துண்டுகள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போய்விட்டன. சட்டியில் எஞ்சியது குழம்பு. கீரை வறை மாமியாருக்கும் சின்னவனுக்கும் போய்விட்டது. எஞ்சியது ஒரு கரண்டி. கடைக்குட்டி வைத்துவிட்டுப் போன இரண்டு கவளமும் அம்மாவின் கணக்கிலேதான் சேரும். மாலையில் தேநீருடன் பணிஸ். இரவு பிட்டு, அதற்கு மீந்த சொதி. ஏழு நாட் குறிப்பில் ஒரு முழு மீன்துண்டு இரண்டே முறைதான் காணப்பட்டது. முட்டை ஒன்றுமில்லை. பழம், வாழைப்பழம் ஒன்று. தேநீர் மாத்திரம் நாள் தவறாமல் நான்கு முறை.

தாம் ஒன்றும் பெரிதாக உண்பதில்லை என்று அவர் கூறியது பொய்யன்று. விருந்து என்று அமர்ந்து அவர் உண்ணவில்லை. ஆயினும் ஒரு கோப்பை நிறையச் சோறும், பாணும், பிட்டும், சீனியும் தேங்காய்ப்பாலும் அவர் உடலிற் சேர்ந்தன. இரும்புச்சத்தும் புரதமும் உயிர்ச்சத்துக்களும் சேரவில்லை. பருமனும் சோகையும் ஒரே உடலில் எவ்வாறு குடியிருக்கலாம் என்று வியப்போருக்கு விடை இதுவே. மற்றவர் உண்டு மீந்ததை உண்பவருக்கு, உணவிலே விலை குறைந்த பகுதியே எப்போதும் வந்து சேருகிறது. விலை குறைந்த பகுதியோ பெரும்பாலும் வெறும் மாச்சத்து.

இந்நிலை அவர் ஒருவருக்கு மாத்திரம் உரியதன்று. 2022ஆம் ஆண்டு நெருக்கடியை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலை முந்திய ஆண்டிலும் நூற்றுக்கு 90க்கு மேல் உயர்ந்திருந்தது. பணப்பை இறுகும்போது இல்லத்தரசி முதலிற் குறைப்பது எதை? மீனை, முட்டையை, பழத்தை, மரக்கறியை. அரிசியையும் மாவையும் சீனியையும் அவர் குறைப்பதில்லை. வயிறு நிரம்ப வேண்டுமே. 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட்டு அரிசி வரத்துத் தடைப்பட்டபோது கோதுமை மாவும் பாணும் நம் வீடுகளிலே வேரூன்றியதும் இதே நியாயத்தினால்தான். அவசரத்துக்கு வந்த விருந்தாளி பின்னர் வீட்டுக்காரனாகிவிட்டான்.

இனிச் செய்ய வேண்டியது என்ன? பட்டினி கிடப்பதன்று. பட்டினி கிடந்து மெலிந்தவர்கள் அடுத்த மாதமே முன்னிலும் பருப்பதை நாம் கண்டிருக்கிறோம். அம்மையாருக்கு நான் கூறிய முதற் காரியம் மிக எளியது. செய்வதற்கோ அதுவே மிகக் கடினமானதாயிற்று. சமைத்து முடிந்ததும், யாருக்கும் பரிமாறுமுன், உங்கள் கோப்பையையும் மற்றக் கோப்பைகளுடன் வரிசையில் வையுங்கள். அதிற் பாதியை முதலிற் கீரையாலும் மரக்கறியாலும் நிரப்புங்கள். காற்பங்குக்கு மீனோ பருப்போ முட்டையோ. எஞ்சிய காற்பங்குக்கே சோறு. பின்பு மூடி வைத்துவிட்டு, விரும்பியபடி கடைசியிலேயே உண்ணுங்கள். ஆனால் மூடியதைத் திறந்து எவருக்கும் பங்கிடாதீர்கள்.

"அதெப்பிடிப் பிள்ளை, எனக்கெண்டு மீன் எடுத்து வைக்கிறதோ?" என்று அவர் கேட்டார். அவர் முகத்தில் வெட்கம் தெரிந்தது. நான்கு பிரசவம் போலப் பாரமான ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டேனோ என்று எனக்கே ஐயம் உண்டாயிற்று.

இரண்டாவது, அரிசியை அளவோடு போடுதல். பானையடியிற் சோறு மீந்தாலல்லவா அதனை உண்ண வேண்டிவரும்? மூன்று சுண்டு போட்ட வீட்டில் இரண்டரைச் சுண்டு போட்டார். பிள்ளைகளுக்குக் குறையவில்லை, பானையடிதான் குறைந்தது. அப்படியும் மீந்தால் தண்ணீரூற்றி வைத்து, காலையிற் பழஞ்சோறாக வெங்காயம், பச்சைமிளகாயுடன் உண்ணலாம். பாண் வாங்கும் செலவு மிச்சம். சமைத்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 130 கலோரி உண்டு. அதே நிறையுள்ள மரக்கறிகள் பெரும்பாலானவற்றில் 20 முதல் 50 வரையே. ஆதலால் கோப்பையின் கொள்ளளவைக் குறையாமல் அதன் கலோரியைப் பாதியாக்க முடிகிறது. வயிறும் ஏமாறுவதில்லை.

கீரைக்கு வருவோம். இவ்விடத்திலே நம் நாட்டு ஏழைக்கும் செல்வருக்கும் பேதமில்லை. உண்மையில் வேலியுள்ள ஏழையே செல்வர். முருங்கை கேட்பாரற்று நிற்கிறது. பொன்னாங்காணி கிணற்றடியிலே தானாக முளைக்கிறது. வல்லாரை ஈரமுள்ள மூலையில் ஒரு முறை நட்டால் படர்ந்துகொண்டே இருக்கும். அகத்தி, தூதுவளை, முசுட்டை, குறிஞ்சா என்று பெயர் சொல்லிக்கொண்டே போகலாம். பட்டினங்களில் அடுக்குமாடியில் வசிப்போர் சந்தையிற் கட்டாக வாங்கத்தான் வேண்டும். அப்படியும் கடையிலுள்ளவற்றுள் மலிந்த பொருள் அதுவே. மாலையில் சந்தை கலையும் வேளையிற் போனால் வாடத் தொடங்கிய கட்டுகளை வியாபாரிகளே விலை குறைத்துக் கொடுப்பர். அன்றிரவே ஆய்ந்து வைத்தால் மறுநாளைக்குக் குற்றமில்லை.

முருங்கையிலை வறைக்கு நம்மவர் அரைத் தேங்காயைத் திருவிப் போடுவது வழக்கம். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ போதும். சிறிய வெங்காயத்தைக் கூட்டி, இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுங்கள். இப்புளி சுவைக்கு மாத்திரமன்று. இலையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள அது துணை செய்கிறது. சாப்பிட்ட கையோடு தேநீர் அருந்துவது இதற்கு நேர்மாறு. தேயிலைச் சாயம் அச்சத்தைத் தடுத்துவிடும். அம்மையார் இருபது ஆண்டுகளாக மத்தியானச் சோற்றின் பின் தேநீர் குடித்து வந்தவர். அதனை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

தேங்காயைப் பற்றி எழுதினால் சண்டைக்கு வருவோர் உண்டு. அது நஞ்சு என்பாரும் அமிர்தம் என்பாரும் கடிதம் எழுதுவர். நான் இரண்டு கட்சியிலும் இல்லை. தேங்காய்ப்பூ 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி இருக்கிறது; எண்ணெயிலோ ஒரு மேசைக்கரண்டிக்கே 120. மூன்று கறியும் ஒரு சொதியும் வைக்கும் வீட்டில் நான்கிலும் முதற்பால் விடுவது எதற்கு? ஒரு கறியைப் பால்கறியாக்குங்கள். மற்றதைப் புளிக்குழம்பாக வையுங்கள். இன்னொன்றை வெறுமனே அவித்துத் தாளியுங்கள். சொதிக்கு இரண்டாம் பால் போதும். 2024ஆம் ஆண்டின் முடிவில் தேங்காய் விலை ஏறியபோது இவ்வாறே பலர் சமைத்தனர். விலை கற்பித்த பாடத்தை விலை இறங்கியதும் மறந்துவிடுகிறோம்.

இனிச் சீனி. அம்மையாரின் கொப்பியில் நாளுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி. கரண்டி ஒன்று 5 கிராம் எனக் கொண்டால் நாளுக்கு 40 கிராம். அதிலே 160 கலோரி. மாதம் ஒன்றுக்கு 1,200 கிராம் சீனி, 4,800 கலோரி. உடற் கொழுப்பு ஒரு கிலோ ஏறக்குறைய 7,700 கலோரிக்குச் சமம் என்பது பொதுவான மதிப்பீடு. ஆகவே வேறொன்றையும் மாற்றாமல் தேநீர்ச் சீனியை மாத்திரம் நிறுத்தினால் மாதம் அரைக் கிலோவுக்குச் சற்று மேலே குறையக்கூடும் என்று கடதாசிக் கணக்குச் சொல்கிறது. உடல் கணக்குக் கொப்பியன்று. அவ்வளவும் அப்படியே நடக்காது. எனினும் திசை அதுதான். உலக சுகாதார நிறுவனம் சேர்க்கப்படும் சீனியை நாளுக்கு 25 கிராம் அளவுக்குள், அதாவது ஐந்தாறு சிறுகரண்டிக்குள், வைத்துக்கொள்வது நலம் என்கிறது. அதற்குள் பணிசிலும் பிசுக்கோத்திலும் மறைந்திருப்பதும் அடங்கும்.

ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். இரண்டை ஒன்றரையாக்குங்கள், இரண்டு வாரம் கழித்து ஒன்றாக்குங்கள். நாவு பழகிவிடும். குளிர்பானம் வாங்குவோர் போத்தலிலுள்ள வட்டத்தைப் பாருங்கள். 2016 முதல் நம் நாட்டில் அதன் நிறம் சீனியின் அளவைக் கூறுகிறது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேலென்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். எழுத்தறியாப் பாட்டியும் புரிந்துகொள்ளக்கூடிய நல்ல ஏற்பாடு. கிணற்றுத் தண்ணீருக்கோ எந்த வட்டமும் தேவையில்லை.

மீன் விலை கேட்டால் தலை சுற்றுகிறது என்பது மெய்யே. விளைமீனையும் பாரையையும் விட்டுவிட்டுச் சூடை, சாளை, நெத்தலி இருக்கும் பக்கம் திரும்புங்கள். சிறுமீனை முள்ளோடு மென்று உண்பவருக்குச் சுண்ணச்சத்தும் கிடைக்கிறது. பொரிக்காமல் புளி விட்டுத் தீயலாக வைத்தால் எண்ணெயும் மிச்சம். நெத்தலிக் கருவாடானால் சுடுநீரில் ஊறவைத்து உப்பை நீக்குங்கள். மீனில்லாத நாட்களுக்குப் பயறு, கௌபி, கடலை இருக்கின்றன. வாரத்தில் மூன்று காலை பாணுக்குப் பதிலாக அவித்த பயறு என்று அம்மையார் வைத்துக்கொண்டார். பதினொரு மணிக்கு வரும் பசி வராமலே போயிற்று என்கிறார். சோயாமீற்றும் மலிந்த புரதமே; பொதியோடு வரும் சுவைத்தூளில் உப்பு மிகுதி, அதனை அரைவாசி போடுங்கள்.

இவ்விடத்திற் சில மயக்கங்களையும் தீர்த்துக்கொள்வோம். சிவப்பரிசியும் குரக்கனும் நல்லவை; நார்ச்சத்து மிக்கவை; குரக்கனிற் சுண்ணச்சத்தும் ஏராளம். ஆனால் கலோரியில் அவை வெள்ளையரிசிக்குப் பெரிதும் இளைத்தவை அல்ல. தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் குழைத்த குரக்கன் பிட்டை மூன்று நீத்துப்பெட்டி உண்டுவிட்டுப் பத்தியம் இருந்தேன் என்று கூறுதல் ஆகாது. பனங்கட்டியும் சீனிக்குத் தம்பியே. சிறு துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிப்பது நல்லதுதான், துண்டு சிறிதாயிருக்கும்வரை. விடியற்காலையில் தேனும் தேசிக்காயும் கலந்து குடித்தாற் கொழுப்புக் கரையும் என்பது வெறும் கதை. ஒடியற்கூழை மாத்திரம் நான் மனமாரப் புகழ்வேன். சிறிதளவு மா, மீன், நண்டு, பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் ஒரே பானையில்! நம் முன்னோர் அறியாமலே எழுதிவைத்த பத்தியச் சீட்டு அது. இரண்டு சிரட்டையோடு எழுந்துவிட வேண்டும் என்பது மாத்திரம் நிபந்தனை. என்னால் அஃது ஒருபோதும் இயன்றதில்லை.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ பாவிப்பவர்கள் வைத்தியரைக் கேளாமற் சோற்றைச் சடுதியாகக் குறைத்தல் ஆபத்து. இரத்தத்திற் சீனி திடீரெனத் தாழ்ந்துவிடலாம். கருவுற்றோரும் பாலூட்டுவோரும் மெலிவதற்கென உணவைக் குறைக்கலாகாது. மற்றவர்கள் தராசைவிட அளவுநாடாவை நம்பலாம். நம் தெற்காசியப் பெண்களுக்கு இடுப்பளவு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90 என்பது எச்சரிக்கைக் கோடு. தையற்பெட்டியிலுள்ள நாடா போதும்.

பணக் கணக்கையும் சொல்ல வேண்டுமன்றோ? அந்த வீட்டில் மாதம் 5 கிலோ சீனி வாங்கினார்கள்; மூன்றாம் மாதத்தில் அது மூன்றாகக் குறைந்தது. மாலைப் பணிஸ் வாரத்தில் இரண்டு நாளைக்கு என்று வரையறுக்கப்பட்டது. ஏனைய நாட்களில் அவித்த கடலை. பாணும் தேங்காயும் எண்ணெயும் சற்றுச் சற்றுக் குறைந்தன. மிஞ்சிய காசில் வாரத்துக்கு ஒரு தடவை மேலதிகமாகச் சிறுமீனும், ஆறு முட்டையும், அம்மையாருக்கென்று கொய்யாவோ பப்பாசியோ வாங்க முடிந்தது. மொத்தச் செலவு கூடவில்லை. பெரிதாகக் குறைந்ததென்றும் நான் சொல்லமாட்டேன். ஏறத்தாழ அதே தொகை வேறு பொருட்களுக்குப் போயிற்று.

நிறையைப் பற்றிக் கேட்பீர்கள். நான்கு மாதத்தில் 4 கிலோ. விளம்பரங்கள் ஒரு வாரத்திலே வாக்களிப்பதை அவர் நான்கு மாதத்திற் சாதித்தார். அடுத்த பரிசோதனையிற் சோகை நீங்கி வருவதாகவும் சீனி சிறிது இறங்கியிருப்பதாகவும் தெரிந்தது. வைத்தியர் கொடுத்த இரும்பு மாத்திரைக்கும் அதிற் பங்குண்டு. இடையில் ஒரு முறை, பிள்ளைகளின் பரீட்சைக் காலத்தில், கொப்பியும் கைவிடப்பட்டு, கோப்பையும் பழையபடி கடைசிக்குப் போய், ஒன்றரைக் கிலோ திரும்பி வந்ததையும் மறைக்காமற் கூறுகிறேன்.

அதன் பின்னர் நடந்த ஒன்றை அவரே வந்து சொன்னார். ஒரு நாள் மத்தியானம் மீன் போதாமற் போயிற்று. வழக்கம்போல் அவர் தம் பங்கைச் சட்டிக்குள் திருப்பிப் போடக் கையெடுத்தபோது, க.பொ.த. சாதாரணதரம் படிக்கும் மூத்த மகள் அக்கோப்பையை வாங்கி மூடி, தாயின் கைக்கெட்டாத தட்டில் வைத்துவிட்டாள். "அது அம்மாவின்ரை" என்றாளாம். மாமியார் ஒன்றும் பேசவில்லை. கணவர் தம் துண்டில் ஒரு பாதியைப் பிய்த்துச் சின்னவனுக்கு வைத்தார்.

சென்ற கிழமை அம்மையார் மறுபடியும் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் இப்போது பட்டியல் எதுவும் இல்லை. ஒரு வெட்டுக்கத்தி இருந்தது. ஐப்பசி மழை தொடங்குமுன் தங்கள் மேற்கு வேலியில் நடுவதற்கு எங்கள் முருங்கையில் இரண்டு கதியால் வேண்டுமாம்.